அக்கா அறைக்கு அளவெடுத்த ஜன்னல்

அந்த ஜன்னலைத் தேர்ந்தெடுக்க நான் நாற்பது நாள் எடுத்துக்கொண்டேன். எந்தச் செய்திக்காகவும் அவ்வளவு நாள் அலைந்ததில்லை. சட்டம், கண்ணாடி, கொசுவலை எல்லாவற்றையும் விசாரித்துக் குறிப்பேட்டில் எழுதினேன். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தவளிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு கால்களும் போயின. தரையில் கைகளை ஊன்றி நகர்வாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்களுடன் இருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுப்பட்டினத்தில் வீடு கட்டியபோது, தெருப்பக்கத்து அறையின் ஜன்னலை மட்டும் தாழ்த்தி வைக்கச் சொன்னேன். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை.

"கட்டில் ஒசரத்துக்கு ஜன்னல் வச்சா திருடன் வந்து கட்டில்லயே ஒக்காந்துக்குவான் சார்."

"வந்தா அக்கா அவனோட பேசிக்கினு இருப்பா. நீங்க வைங்க" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே அவள் தெருவில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தது. பத்து வருடத்தில் அது எனக்கு மறந்துபோனது.

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். பெரும்பாலும் அணுமின் நிலையத்தை நம்பி வந்தவர்கள்; நாகர்கோவில், கோயம்புத்தூர், தஞ்சாவூர் என்று ஆளுக்கு ஓர் ஊர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளின் சாவி அக்காவிடம் இருக்கும். காலையில் வேலைக்கான பேருந்து வருவதற்கு முன்னால் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே ஒவ்வொரு கையாக நீளும். சாவியை வாங்கி, பக்கத்துச் சுவரில் அடித்திருந்த ஒன்பது ஆணிகளில் மாட்டுவாள். எந்த ஆணிக்கும் பெயர் எழுதவில்லை. இருட்டில் தடவிக்கூடச் சரியான சாவியை எடுத்துக் கொடுப்பாள்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் முதலில் அவளிடம்தான் வருவார்.

"யக்கா, மூணாம் நம்பர் வூட்ல காலி சிலிண்டர் எங்க கீது?"

"சமையல்கட்டு கதவுக்குப் பின்னால. செருப்பக் கழட்டிட்டு உள்ள போ. போன வாட்டி நீ போட்ட மண்ணு, அந்தம்மா எங்கிட்ட வந்து ஒரு பாட்டம் பாடிட்டுப் போச்சி."

பதினொரு மணிக்கு மீன்காரி வருவாள். குப்பத்திலிருந்து அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, எங்கள் ஜன்னலின் வெளிப்பக்கக் கட்டையில் இறக்கி வைப்பாள். அது அவள் கூடைக்கென்றே கட்டியதுபோல் அகலமாக இருந்தது. அங்கே நின்றுதான் மற்ற வீடுகளுக்குக் குரல் கொடுப்பாள். அக்காவுக்கும் அவளுக்கும் தினமும் சண்டை.

"இன்னாடி இது, நேத்து மிஞ்சின சங்கரா மீன இன்னிக்குக் கூட்டிக்கினு வந்துட்டியா?"

"ம்க்கும். அதுங்கண்ணப் பாரு, உன்னயே மொறைச்சிக்கினு கீது. வாங்கறது ஒரு கை நெத்திலி, வாய் மட்டும் பெரிய கப்பலுக்கு!"

விடுமுறை நாளில் நான் வீட்டில் இருந்தால் இது எனக்கு இரைச்சலாகப் பட்டது. நான் அப்போது ஒரு நாளிதழின் செங்கல்பட்டு அலுவலகத்தில் வேலை செய்தேன். காலை பத்தரைக்குப் புறப்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால் திரும்பி வர இரவாகிவிடும். என் மனைவி சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவள் எனக்கும் முன்னால் கிளம்பிவிடுவாள். நடுப்பகலில் அந்த ஜன்னலில் என்ன நடந்தது என்று பார்க்க வீட்டில் வேறு யாரும் இல்லை.

2001ஆம் ஆண்டு மாசி மாதம் ஜன்னலின் ஒரு கதவு கழன்று தெருவில் விழுந்தது. இரும்புச் சட்டம், பச்சை பெயிண்ட். கடல் எங்களுக்குக் கிழக்கே, நடக்கும் தூரத்தில். உப்புக் காற்று கீல்களை முதலில் தின்றது, பிறகு அடிச்சட்டத்தை. விரலால் அழுத்தினால் செதில் செதிலாக உதிர்ந்தது. கம்பிகளும் கனம் குறைந்திருந்தன. அதோடு அந்த அறை மேற்குப் பார்த்தது. பங்குனி தொடங்கினால் மதியம் இரண்டு மணியிலிருந்து வெயில் நேராகக் கட்டிலில் விழும். அக்கா ஒரு மூங்கில் தட்டியைக் கயிற்றில் இறக்கி, அதன் அடியில் ஒரு முழம் இடைவெளி விட்டு அதன் வழியே தெருவைப் பார்ப்பாள். ஜாக்கெட்டின் முதுகு நனைந்திருக்கும். "வேர்த்தா நல்லதுதான், உப்பு எறங்கும்" என்பாள். சொந்தமாகச் சம்பாதிக்கும் தம்பி இருக்கும்போது அக்கா அப்படி வெயிலில் வேகக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். அந்த முடிவில் அன்பு இருந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

குறிப்பேட்டில் கட்டம் போட்டேன். வெயில், உப்பு, மழை, கொசு, திருட்டு, துடைப்பது, ஆயுள். ஏழு தலைப்புகள். மரம், இரும்பு, அலுமினியம் மூன்றுக்கும் மதிப்பெண். சென்னைக்குப் போய், அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த பிளாஸ்டிக் ஜன்னலையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

கோவளத்தில் ஒரு வீட்டில் முப்பது வருடமான மர ஜன்னல் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். கடலுக்கு நேர் எதிரே, அசையாமல் இருந்தது. வீட்டுக்காரப் பெரியவர் கதவை விரலால் தள்ளிக் காட்டினார். "வருசத்துக்கு ஒரு வாட்டி எண்ணெ பூசுவேன். வேற ஒண்ணும் பேஜாரு இல்ல" என்றார். நான் "பராமரிப்பு அதிகம்" என்று எழுதி அந்த வரியை அடித்தேன்.

பிறகு ஒரு செய்திக்காக மாமல்லபுரம் போனபோது ஒரு விடுதி அறையில் சிறிது நேரம் உட்கார நேர்ந்தது. மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. மணி இரண்டு. வெளியே தார் உருகும் வெயில், உள்ளே நிழல். வெளியே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து கண்ணாடிக்கு நேராக நின்று, மூக்கில் களிம்பு பூசிக்கொண்டார். என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நான் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்கு வேடிக்கையாக இருந்தது. இந்தக் கண்ணாடிதான் என்று அங்கேயே தீர்மானித்தேன். யாரும் தன்னைப் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் தங்குகிற இடம் அது என்பது எனக்கு உறைக்கவில்லை.

செங்கல்பட்டில் அலுமினிய ஜன்னல் செய்பவர் ஒருவரிடம் சொன்னேன். கடைக்காரர்கள் அதை மிரர் கிளாஸ் என்றார்கள்.

"சூப்பர் செலக்சன் சார். வெளிய இருந்து பாத்தா அவன் மூஞ்சிதான் அவனுக்குத் தெரியும். உள்ள ஒரு ஈ காக்கா தெரியாது. லேடீஸ் இருக்கற ரூம்புன்னா இதான் சார் மரியாத."

பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் இரண்டு கண்ணாடிகள். பழைய கம்பிகளை எடுத்துவிட்டு, திறக்கிற பாதிக்கு மட்டும் தெருப்பக்கம் கொசுவலை. வலையையும் தள்ளும்படி வைக்கவா என்று கேட்டார். தள்ளினால் இடுக்கில் கொசு வரும், திருகி மூடிவிடுங்கள் என்றேன். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அக்காவுக்கு மலேரியா வந்திருந்தது. மழைத் தண்ணீர் தேங்கி உள்ளே வராமல் இருக்க, வெளிப்பக்கக் கட்டையையும் உடைத்துச் சரிவாகப் பூசச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது.

ஆர்டர் கொடுப்பதற்கு முந்தைய நாள் மனைவி கேட்டாள். "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவளுக்காகத்தானே இவ்ளோவும்" என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். பேப்பர் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

பங்குனிக் கடைசியில் ஜன்னலைப் பொருத்தினார்கள். அன்று விடுப்பு எடுத்து நானே மேற்பார்வை செய்தேன். வேலை சுத்தமாக இருந்தது. அக்கா கண்ணாடியை இரண்டு முறை தள்ளிப் பார்த்தாள். வலையில் விரலை வைத்தாள். "நல்லா வழவழன்னு கீது" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த அறையில் வெப்பமானி வைத்தேன். பழைய ஜன்னல் இருந்தபோது குறித்து வைத்திருந்ததைவிட மூன்று டிகிரி குறைவு. அதற்குள் எங்கள் நாளிதழின் வீட்டுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். தலைப்பு, 'அனலை வெல்லும் ஜன்னல்.' அதற்கு வீட்டில் இருப்பவரின் ஒரு வாக்கியம் வேண்டும். குறிப்பேட்டுடன் கட்டில் ஓரம் உட்கார்ந்து அக்காவிடம் கேட்டேன்.

"ஜில்லுனு கீதுடா" என்றாள். பிறகு, "ஒருத்தரும் நிக்கறதில்ல" என்றாள்.

நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன். எழுதும் பழக்கம் கைக்கு அப்படி. ஆனால் கட்டுரையில் முதல் வாக்கியத்தை மட்டும் சேர்த்தேன். "அறை ஜில்லென்று இருக்கிறது என்கிறார் வீட்டிலேயே இருக்கும் ஒருவர்." இரண்டாவது வாக்கியம் ஜன்னலைப் பற்றியது அல்ல என்று நினைத்தேன். வேண்டாததை வெட்டுவதுதான் என் தொழில். அதில் எனக்குப் பெயர் இருந்தது.

கட்டுரை வந்த பிறகு எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் ஒரு சண்டை நடந்தது. நான் காலையில் புறப்படும்போது ஜன்னல் கண்ணாடி மூடியிருக்கும். இரவு திரும்பும்போது திறந்திருக்கும். கட்டிலில் புழுதி, அறையில் அனல். "இவ்ளோ செலவு பண்ணி இதப் போட்டது தொறந்து வைக்கவா?" என்று கேட்டபடி மூடுவேன். மறுநாளும் திறந்திருக்கும். சித்திரைக் கடைசியிலும், வைகாசி முழுவதும் இப்படிப் போனது. கத்திரி வெயிலில் அவள் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, வலைக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள் என்று மனைவி ஒருநாள் சொன்னாள். வயதானால் பிடிவாதம் வரும் என்றேன். அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

ஆனியில் ஒரு நாள் திரும்பி வந்தபோது ஜன்னல் மூடியிருந்தது. அடுத்த நாளும். ஒரு வழியாக அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் திருப்தி. சுவரில் இருந்த ஆணிகளை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்பதும் காலியாக இருந்திருக்கும்.

ஆவணியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. என் அறை மாடியில், தளம் கொதிக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அக்காவுடையது என்பதால் அங்கே பாய் போட்டுப் படுத்தேன். முதல் நாள் தூக்கத்தில் போனது. இரண்டாம் நாள் பத்து மணிக்குமேல் விழிப்பு வந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கடைத்தெருத் தையற்காரர் கொடுத்தனுப்பும் வேலை. கண் ஜன்னலில் இருந்தது.

வெளியே ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, எங்கள் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரினார்.

"தெனம் வருவான்" என்றாள் அக்கா. "உச்சில சொட்ட வுழுந்துகினு கீது. அவனுக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரியும்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்து இரண்டு பெண்கள் வந்து நின்று, பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர் மீசையைத் தடவினார். வந்த ஒவ்வொருவரும் அக்காவின் முகத்துக்கு நேராக நின்றார்கள். அவர்கள் பார்த்தது அவர்களைத்தான்.

பதினொரு மணிக்கு மீன்காரி வந்தாள். கூடையை இறக்க இடமில்லாததால் தலையிலேயே வைத்திருந்தாள். ஒரு கையால் கூடையைப் பிடித்தபடி, மறு கையால் முந்தானையை எடுத்து முகத்தின் வியர்வையைத் துடைத்தாள். தலையைச் சாய்த்து மூக்கைப் பார்த்தாள். மூக்குத்தியை லேசாகத் திருகினாள். அக்காவின் கை தையலிலிருந்து எழுந்தது. கூப்பிடுவதற்காக அல்ல, எதிரே வந்து நிற்பவரைப் பார்த்தால் தானாக எழும் கை. பாதி உயர்ந்து, மறுபடி மடிக்கு வந்தது. மீன்காரி போய்விட்டாள்.

"மூக்குத்தி புதுசு" என்றாள் அக்கா. ஊசியை மறுபடி துணியில் குத்தினாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "தொறந்து கூப்பிட வேண்டியதுதானே?"

"தொறந்தா வலை. வலைக்கு இப்பால இருந்து கத்தணும். கத்துனா வருவா. மீன எப்பிடி வாங்கறது? கேட்டத் தொறந்து, சுத்திக்கினு வந்து, வாசக்கதவ இடிச்சி, நான் கூடத்தத் தாண்டி நவுந்து போயி தாப்பாளத் தொறக்கணும். ரெண்டு நாளு வந்தா. நான் நவுந்துகினு வர்றதப் பாத்துட்டு, 'உன்ன ஏன் யக்கா கஷ்டப்படுத்தணும்'னு சொல்லி நின்னுட்டா."

"சாவிங்க?"

"அதுவும் அதுதான். கம்பி இருந்தப்ப கைய நீட்டுனாங்க, நான் கைய நீட்டுனேன். இப்ப என்னைய எழுப்பணும். முனை கடையில குடுத்துட்டுப் போறாங்க. மூணாம் நம்பர் சொல்லுச்சி, ஏசி போட்டுட்டீங்களாமே, அதான் தட்டலன்னு."

எங்கள் தெருவில் மூடிய கண்ணாடிக்கு அப்படி ஒரு பொருள் இருந்தது. கண்ணாடி மூடியிருந்தால் உள்ளே ஏசி ஓடுகிறது. தட்டித் தொந்தரவு செய்யக்கூடாது. அது அவர்கள் காட்டிய மரியாதை. எங்கள் வீட்டில் ஏசியே கிடையாது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன். சொன்னபோதே அது சரியில்லை என்று தெரிந்தது.

"சொன்னேனே. நீ எழுதிகினே."

காய்ச்சலோடு மாடிக்கு ஏறிக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில் இருந்தது. "ஜில்லுனு கீதுடா. ஒருத்தரும் நிக்கறதில்ல." முதல் வாக்கியத்தைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டாவதன் மேல் ஒரு கோடு.

திரும்பி இறங்கியபோது அக்கா தலையணை அடியிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். என் கட்டுரை. கத்தரியால் ஓரம் பிசகாமல் வெட்டியிருந்தாள்.

"பாதிதான் வந்திச்சி" என்றாள்.

"பக்கத்துல இடம் பத்தலக்கா."

"கீழ அவ்ளோ பெரிய அப்பள வெளம்பரம் கீது?"

கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். அந்தக் காகிதத்தை அவள் எதற்கு வைத்திருந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பி எழுதியது என்பதால் இருக்கலாம். அதில் அவள் சொன்னது ஒன்று வந்திருந்ததால் இருக்கலாம்.

காய்ச்சல் தணிந்ததும் செங்கல்பட்டுக்குப் போனேன். ஜன்னலை எடுத்துவிடச் சொன்னதும் கடைக்காரருக்குப் புரியவில்லை.

"நல்லா இருக்கற ஜன்னல எடுக்கச் சொல்றீங்களே சார்? இன்னா ஆச்சி? நீங்களே பேப்பர்ல எழுதுனீங்க!" என்று சுவரைக் காட்டினார். என் கட்டுரை கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. "இதக் காட்டித்தான் சார் பதினோரு வூட்டுக்கு மிரர் கிளாஸ் போட்டேன். பேப்பர்காரரு வூட்லயே போட்டுக்கினாருன்னா ஒருத்தனும் மறுபேச்சு பேசறதில்ல."

அந்தப் பதினோரு வீடுகளில் ஜன்னல் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் அவரிடம் விசாரிக்கவில்லை. அந்தச் சட்டத்தைக் கழற்றும்படியும் கேட்கவில்லை. எங்கள் நாளிதழில் ஒரு ஊரின் பெயர் தவறாக அச்சானால் மறுநாள் நான்கு வரியில் திருத்தம் போடுவோம். இதற்கு நான் திருத்தம் எழுதவில்லை. எப்படித் தொடங்குவது என்று இரண்டு முறை யோசித்தேன். பிறகு மழைக்காலச் செய்திகள் வந்தன. இப்போது எழுதுவது திருத்தமாகாது, காலம் கடந்துவிட்டது.

இரண்டாவது ஜன்னலை அக்கா தேர்ந்தெடுத்தாள். அவளிடம் ஒரே ஒரு தலைப்புதான் இருந்தது. எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். தச்சர் எதிரில் அதைப் படுக்கையாகப் பிடித்து, "இது பூந்து வரணும்" என்றாள். தச்சர் பென்சிலால் மரத்தில் குறித்துக்கொண்டார்.

"கம்பிக்கு நடுவுல அவ்ளோ எடம் வுட்டா பூன வரும்மா."

"வரட்டும். அதுக்குந்தான் மீனு."

மரச் சட்டம், வெளிப்பக்கம் முழுதாகத் திறக்கும் இரண்டு மரக் கதவுகள். கண்ணாடி எதற்கு என்று கேட்டாள், விட்டுவிட்டோம். வெளிக்கட்டையை மறுபடி சமமாக, அகலமாகக் கட்டினார்கள். கொசுவுக்குக் கட்டிலைச் சுற்றி வலை. கோவளத்துப் பெரியவர் சொன்ன எண்ணெயை நானே வாங்கி வந்து பூசினேன். கம்பி துருப்பிடிக்குமே என்றேன். "புடிக்கட்டும். பெயிண்ட் அடி, உனக்கு இன்னா வேல?" என்றாள். மூங்கில் தட்டி பரணிலிருந்து இறங்கியது. அறையின் வெப்பம் பழையபடி மூன்று டிகிரி ஏறியது. வெப்பமானியை நான் மறுபடி வைத்துப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

தெரு உடனே திரும்பிவிடவில்லை. நாகர்கோவில்காரர் மனைவி ஒரு மாலை ஜன்னலில் நின்று தயக்கத்தோடு சொன்னார்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. சாவிய கடையிலயே குடுத்துப் பழகிப்போச்சு. கடைக்காரவிய ராத்திரி வரைக்கும் தொறந்து வச்சிருப்பாவ பாத்தியளா, எங்க வீட்டுக்காரருக்கும் வசதியா இருக்கு." அக்கா, "அதுக்கின்னா, எங்க இருந்தா இன்னா" என்றாள். அந்த ஒன்பது ஆணிகளில் இரண்டில்தான் மறுபடி சாவி தொங்கியது. அவள் மற்ற ஏழையும் பிடுங்கச் சொல்லவில்லை. நானும் பிடுங்கவில்லை.

மீன்காரி வந்த நாளில் நான் வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. அறைக்குள் நின்று மரச் சட்டத்துக்கு இரண்டாம் முறை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். தெருவில் போய்க்கொண்டிருந்தவள் ஜன்னலைத் தாண்டி, நின்று, திரும்பிப் பார்த்தாள். கூடையைக் கட்டையில் இறக்கினாள்.

"யக்கோவ்! எங்க போயிருந்த நீ? நாலு மாசமா ஆளயே காணோம்! வூட்ட பூட்டிக்கினு ஊருக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா உன் தம்பி பொண்டாட்டி மட்டும் பஸ்சுக்கு நின்னுகினு கீது. நான் இன்னா இன்னாமோ நெனச்சிட்டேன். கேக்கறதுக்கே பயமாப் பூட்ச்சி."

என் கையில் எண்ணெய்த் துணி. அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"சித்தி வூட்டுக்குப் போயிருந்தேண்டி. செங்கல்பட்டுக்கு" என்றாள்.

எங்களுக்குச் செங்கல்பட்டில் சித்தி கிடையாது. அக்கா எதற்கும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. மளிகைக்காரர் தவறி அதிகமாகப் போட்டு அனுப்பிய வெல்லத்தைத் திருப்பி அனுப்பியவள்.

"சொல்லிட்டுப் போகக் கூடாதா? ஒரு வார்த்த?"

"திடீர்னு கெளம்ப வேண்டியதாப் போச்சி. கூப்பிட வந்துட்டாங்க. அடுத்த வாட்டி சொல்லிட்டுப் போறேன்."

"போவாத. போனாலும் ஒரு வாரத்துல வந்துடு. இந்தத் தெருவுல எவகிட்ட நான் சண்ட போடறது? எல்லாம் சொன்ன வெலைக்கு வாங்கிட்டுப் போவுதுங்க, சப்புன்னு கீது." அப்போதுதான் அவள் என்னைக் கவனித்தாள். "இதுதான் பேப்பர்ல எழுதற தம்பியா?"

"இவன்தான்" என்றாள் அக்கா. "நாம பேசறத எல்லாம் எழுதுவான்."

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "தட்ட எடுத்துக்கினு வாடா. அவளுக்கு வெயிலு ஏறுது."

நான் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டு எடுக்கச் சமையலறைக்குப் போனேன்.